ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்: இருபது வருடமாகத் தீராத ஏமாற்றம்

மார்ச் 14

டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை இரட்டையரின் ‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’ தொகுப்பை ஒரு பாட்டையும் தாண்டாமல் முழுதாகக் கேட்க முடிந்தவர்கள் யாராவது உண்டா? கேட்ட பிறகு மறுபடி போடத் தோன்றியதா?

எனக்குத் தோன்றவில்லை. 2005 மார்ச்சில் வெளியானது. சித்திரை விஷுவுக்கு துபாயிலிருந்து வந்த அத்தான் எனக்கென்று வாங்கி வந்தார். அதற்கு முந்தின தொகுப்பான ‘டிஸ்கவரி’ 2001-இல் வந்தது. கல்லூரி நாட்கள் முழுக்க அதைத்தான் கேட்டேன். மீனாட்சிபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மனதில் அதுதான் ஓடும். நாலு வருடம் காத்திருந்து கைக்கு வந்த சிடி. தக்கலையில் சித்தப்பாவின் மைக்செட் கடையில் நல்ல ஸ்பீக்கர் இருந்ததால், வீட்டில் போட்டுக்கூடப் பார்க்காமல் அங்கே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மூன்றாவது பாட்டு ‘ரோபோ ராக்’. இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். பின்பக்கம் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து வந்தார். “மக்ளே, சிடியில கீறல் விழுந்திருக்கு. எடுத்துத் தொடைச்சிட்டுப் போடு” என்றார். கீறல் எதுவும் இல்லை. பாட்டே அப்படித்தான்.

பத்துப் பாட்டு, முக்கால் மணி நேரம். ‘டிஸ்கவரி’க்கு வருடக்கணக்கில் உழைத்தவர்கள் இதை ஆறே வாரத்தில் முடித்துவிட்டார்கள். சீக்கிரம் செய்வது குற்றமில்லை. ஆனால் ஒரு கிதார் வெட்டு, ஒரு டிரம் மெஷின் அடி, குரலை மெஷின் குரலாக்கும் வோகோடர் வழியாக வரும் ஒற்றை வாக்கியம், இந்த மூன்றையும் எடுத்து நாலு நிமிடத்துக்கு இழுத்தால் பாட்டு ஆகிவிடுமா? எதிலும் ஒரு திருப்பம் கிடையாது. எப்படி ஆரம்பித்ததோ அப்படியே போய் நிற்கிறது. ‘ரோபோ ராக்’கின் அந்தக் கிதார் துண்டுகூட ப்ரேக்வாட்டர் என்ற குழு 1980-இல் போட்ட பாட்டிலிருந்து எடுத்தது. பழைய பாட்டிலிருந்து துண்டு எடுப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, ‘டிஸ்கவரி’யிலும் எடுத்திருக்கிறார்கள். அங்கே சில பாட்டுகளில் எடுத்ததை நறுக்கி, முன்பின் மாற்றிக் கோத்து, மூலத்தைக் கேட்டவர்களே அடையாளம் காணத் திணறும்படி ஆக்கினார்கள். இங்கே எடுத்தது எடுத்தபடி சுற்றுகிறது.

நேற்று ராத்திரி மறுபடி முழுதாகக் கேட்டேன். இருபது வருடம் ஆயிற்று, இப்போது மைக்செட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், காது கொஞ்சம் பழகியிருக்கும் என்று நினைத்தேன். ஏமாற்றம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 14, இரவு

இரணியல் நண்பர் மதியமே போனில் பிடித்துக்கொண்டார். டாஃப்ட் பங்க் போடுகிற ஹவுஸ் என்ற நடன இசை என்றாலே திரும்பத் திரும்ப வருவதுதானே, அதைக் குறை சொல்வது மழை நனைக்கிறது என்று குறை சொல்வது போல இருக்கிறது என்கிறார்.

நியாயமான கேள்வி. 1997-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு ‘ஹோம்வொர்க்’. அதில் ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ பாட்டுக்கு மொத்த வரியே மூன்று சொல். அதை 144 தடவை சொல்கிறார்கள். எனக்கு ஒரு தடவையும் சலித்ததில்லை. அந்த வரி அசையாமல் நிற்கும்போது கீழே பேஸ் இறங்கி ஏறி நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கருவி வரும், இன்னொன்று விலகும், விலகினது வேறொன்றோடு சேர்ந்து திரும்பி வரும்.

ஆகவே புகாரைத் திருத்துகிறேன். திரும்ப வருவது பிரச்சினை இல்லை. திரும்ப வரும்போது கையில் ஒன்றும் கொண்டுவராததுதான் பிரச்சினை.

மார்ச் 16

‘டிஸ்கவரி’யில் இருந்தது இதில் என்ன இல்லை என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஒன்று தெளிவாகத் தெரிகிறது: ஃபில்டர்.

தெரியாதவர்களுக்கு: பாட்டின் மேல் ஸ்தாயி ஒலிகளை முழுதாக மூடிவிட்டு, அடி ஒலிகளை மட்டும் விட்டு, பிறகு மெதுவாகத் திறப்பது. தொண்ணூறுகளில் பிரெஞ்சு ஹவுஸ் என்று பேர் வாங்கிய இசை முழுக்க இந்த ஒரு குமிழைத் திருப்புவதில்தான் நின்றது. முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது போல மூட்டமாக இருக்கும். பிறகு கதவு திறக்கும். அந்தத் திறப்புக்காகவே உடம்பு காத்திருக்கும்.

இது நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோவில் கொடை விழாவுக்கு ராத்திரி நடந்து போகிறோம். தோப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது வெறும் ‘தும் தும்’ மட்டும் வரும், என்ன பாட்டு என்று தெரியாது. மேல் ஒலிகளை மரமும் சுவரும் காற்றும் தின்றுவிடும், அடி ஒலி மட்டும் தப்பி வரும். கிட்டே போகப் போக தாளம் பிரியும், குரல் பிரியும். கடைசி வளைவு திரும்பினதும் மொத்தமும் முகத்தில் அடிக்கும். சின்ன வயதில் அந்த வளைவில் நான் ஓட ஆரம்பித்துவிடுவேன். ‘டிஸ்கவரி’யை முதல் தடவை கேட்டபோது, யாரோ பாரிஸில் உட்கார்ந்துகொண்டு நான் கொடைக்குப் போகும் வழியை இசையாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’ அந்த வளைவுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நடந்து வந்த வழியே இல்லை. அதனால்தான் கிட்டே நின்றும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 17

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தொன்று. கேட்டுவிட்டு, “அது பாக்ஸ் வந்த பிறவுள்ள கதை” என்றார்.

அவர் சொன்னது சரி. நான் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. கொடையிலும் கல்யாண வீட்டிலும் மரத்தில் குழாய் கட்டிய காலத்தில் தூரத்துக்கு வந்தது குரல்தான். அந்தக் குழாயில் அடி ஒலி வராது, அதன் அமைப்பு அப்படி. நடு ஒலிகளைத்தான் கூர்மையாக்கித் தூக்கி எறியும். இரண்டு ஊருக்கு அப்பால் இருந்துகூட என்ன பாட்டு என்று சொல்லிவிடலாம். கிட்டே வரும்போதுதான் மேளத்தின் அடி தனியாகச் சேரும். அப்படிப் பார்த்தால் அந்தக் காலத்தில் ஃபில்டர் தலைகீழாகத் திறந்திருக்கிறது, மேலிருந்து கீழாக.

என் ஞாபகத்தில் இருக்கும் ‘தும் தும்’, பதினெட்டு அங்குல பேஸ் பாக்ஸ் எங்கள் கடைக்கு வந்த பிறகு உள்ளது. அதற்கு முன்னால் தோப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது ஏதோ ஒரு பெண் குரலாக இருந்திருக்கும். அது எனக்கு நினைவில்லை. சித்தப்பாவுக்கு நினைவிருக்கிறது.

மார்ச் 20

இன்னொரு திருத்தம். இது பெரியது.

‘எந்தப் பாட்டிலும் ஒரு திருப்பம் கிடையாது’ என்று முதலில் எழுதினேன். தப்பு. இரண்டாவது பாட்டு ‘த ப்ரைம் டைம் ஆஃப் யுவர் லைஃப்’ முடியும் இடத்தில் வேகம் பிடிக்கிறது. அடிக்கும் அடிக்கும் இடையில் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே போய், கடைசியில் தனித்தனி அடியாகவே கேட்காமல் ஒரே இரைச்சலாக ஆகிவிடுகிறது. இருபது வருடமாக இதை நான் மறந்திருக்கிறேன். 2005-இல் அந்த இடம் வருவதற்குள் எரிச்சலில் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பேன்.

இந்த வேகம் பிடிக்கிற வேலையை நம் பக்கம் செண்டை மேளத்தில் எவ்வளவு கணக்காகச் செய்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி இது, செண்டை நமக்குப் புதிதில்லை. பஞ்சாரி மேளத்தில் முதல் காலத்துக்கு ஒரு சுற்று 96 அட்சரம். அடுத்தது 48. அப்புறம் 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு படியிலும் சுற்று பாதியாகிறது. முதல் காலத்தில் நிற்கும்போது ஆள் அசைய மாட்டான், கேட்டுக்கொண்டு நிற்பான். ஆறுக்கு வரும்போது கை தானாக மேலே போகும். மணிக்கணக்கில் நடக்கும் விஷயம் அது. முதல் காலத்தில் அவ்வளவு நேரம் நின்றவனுக்குத்தான் கடைசிக் காலம் அப்படி ஏறும்.

டாஃப்ட் பங்க் அதைப் பாட்டின் கடைசியில் ஒரு நிமிடத்துக்குள் செய்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது உடம்பில் ஏறவில்லை, கருவி கெட்டுப்போவது போலத்தான் கேட்கிறது. ஆனாலும் திருப்பம் இருக்கிறது. இல்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 22

காலையில் ரப்பர் ஷீட் அடிக்கும்போது காதில் இதைப் போட்டுக்கொண்டேன். மெஷின்காரர் வரவில்லை, நானே ரோலரைச் சுற்றவேண்டியதாயிற்று. உறைந்த பாலை வழவழப்பான ரோலரில் முதலில் விட்டுத் தண்ணீர் பிழிந்து, பிறகு வரிபோட்ட ரோலரில் விடுவது. ஒரே சுற்று, ஒரே சத்தம், நாற்பது ஷீட்.

‘ஸ்டீம் மெஷின்’ பாட்டு அங்கே பொருந்தியது. பொருந்தியது என்றுதான் சொல்கிறேன், பிடித்தது என்று இல்லை. கை ஒரு வேலையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பாட்டு தொந்தரவு செய்யவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டால்தான் கோபம் வருகிறது. இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை, குறித்து வைக்கிறேன்.

மார்ச் 29

ஏமாற்றம் என்ற விஷயம் பற்றியே கொஞ்சம்.

டாஃப்ட் பங்க் என்ற பெயரே ஒரு ஏமாற்றத்திலிருந்து வந்தது. தோமா பங்கால்தேரும் கி-மானுவல் தெ ஓமெம்-கிறிஸ்தோவும் முதலில் ‘டார்லின்’ என்ற கிதார் குழுவில் இருந்தார்கள். அந்தக் குழுவின் பாட்டுகளை மெலடி மேக்கர் என்ற இங்கிலாந்துப் பத்திரிகையில் விமர்சித்தவர், மடத்தனமான பங்க் இரைச்சல் என்ற பொருளில் எழுதினார். அந்தச் சொற்களையே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டார்கள். கேட்டுப் பிடிக்காமல் போன ஒருவர் எழுதிய வரி, 2021 பிப்ரவரியில் அவர்கள் பிரிந்த நாள் வரைக்கும் அவர்களோடு இருந்தது.

அப்புறம் சரண்ஜித் சிங். இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு ரெக்கார்டு கொண்டுவந்தார். டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் கருவி, ஒரு ஜூபிடர்-8 சிந்தசைசர், இவ்வளவுதான். அப்போது வாங்க ஆளில்லை. 2010-இல் அது மறுபடி வெளியானபோது உலகம் முழுக்க ஆச்சரியப்பட்டார்கள், ஏனென்றால் சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்று பின்னால் பெயர் பெற்ற இசைக்கு அது அவ்வளவு கிட்டே இருந்தது. பைரவ் ராகம் அந்தக் கருவியில் வழுக்கிக்கொண்டு போவதை ஒரு தடவை கேளுங்கள். அவர் 2015-இல் காலமானார். கடைசிச் சில வருடங்களாவது தன் ரெக்கார்டைக் கொண்டாடுவதைப் பார்த்தார் என்பது எனக்குச் சந்தோஷம்.

அந்த டிபி-303-உம் ஒரு ஏமாற்றம்தான். கிதார் பழகுகிறவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று ரோலண்ட் செய்தது. உண்மையான பேஸ் கிதார் போல அது ஒலிக்கவே இல்லை. 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பிறகு பழைய கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைத்ததால்தான் சிகாகோ பையன்கள் கையில் சேர்ந்தது. அவர்கள் அதனிடம் பேஸ் கிதாரை எதிர்பார்க்கவில்லை. குமிழ்களைத் திருப்பினால் என்ன வருகிறது என்று மட்டும் பார்த்தார்கள்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. 2005-இல் நான் ‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’ கேட்கவே இல்லையோ? ‘டிஸ்கவரி’யின் இரண்டாம் பாகத்தைத் தேடிக்கொண்டிருந்தேனோ?

ஏப்ரல் 3

ஒரு விஷயத்தை இத்தனை நாள் எழுதாமல் விட்டேன்.

அந்தச் சிடி கைக்கு வந்தது 2005 ஏப்ரலில். அதற்கு முந்தின டிசம்பர் 26 நமக்கெல்லாம் தெரியும். குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி. மணக்குடிப் பாலத்தைக் கடல் தூக்கிப் போட்டதை நேரில் போய்ப் பார்த்தவன் நான். எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சித்தப்பாவின் வேலையில் பாதி கடற்கரை ஊர்களில்தான். பங்குத் திருவிழா, கல்யாணம், வலைப்பூசை எல்லாவற்றுக்கும் எங்கள் செட்தான் போகும். அந்த ஜனவரியில் மைக்செட் போனது அறிவிப்புச் சொல்லவும் அடக்கப் பூசைகளுக்கும். கூட்டு அடக்கம் ஒன்றில் நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றேன். பெயர்களை வாசித்துக்கொண்டே போனார்கள். அது முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று நான் எழுத விரும்பவில்லை.

அப்புறம் மூன்று மாதம் கடையில் யாரும் பாட்டே போடவில்லை. யாரும் போடக்கூடாது என்று சொல்லவில்லை, போடவில்லை, அவ்வளவுதான்.

அத்தான் கொண்டுவந்த சிடியைத்தான் நான் முதலில் போட்டேன். எனக்கு அப்போது என்ன வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது. ‘டிஸ்கவரி’யின் முதல் பாட்டு ‘ஒன் மோர் டைம்’ எதைக் கொடுத்ததோ அது வேண்டியிருந்தது. ஊரே சேர்ந்து கை தூக்குவது போன்ற அந்தச் சந்தோஷம். பதிலுக்கு வந்தது ஒரு மெஷின், அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. டிவி ஆள்கிறது, மூளையைக் கழுவுகிறது என்று ஒரு இரும்புக் குரல். நாங்களோ மூன்று மாதமாக டிவியில் அதே அலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தொகுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் கோபத்தில் எவ்வளவு அதற்கு உரியது, எவ்வளவு உரியதில்லை என்று பிரித்துப் பார்க்க இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 4

நேற்று எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த சிடியை நான்தான் நிறுத்தச் சொன்னேன். கீறல்னு சொன்னது பொய்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16

பக்கத்து ஊர் இசக்கியம்மன் கோவில் கொடை. செட் எங்களுடையது. இரண்டு நாள் தூக்கமில்லை, ஆனால் இதை எழுதியே ஆகவேண்டும்.

மதியம் பாக்ஸ் எல்லாம் அடுக்கி, சோதித்துப் பார்க்கும் நேரத்தில் ‘ரோபோ ராக்’ போட்டேன். பந்தலில் பெரியவர்கள் யாருமில்லை. ஐந்தாறு பையன்கள் வந்து பாக்ஸுக்கு முன்னால் நின்றார்கள். முதல் அரை நிமிடம் ஆடினார்கள். ஒரு நிமிடத்தில் ஒருவன் போய்விட்டான். இரண்டு நிமிடத்தில் எல்லோரும் ஐஸ் வண்டிக்குப் போய்விட்டார்கள். என் புகாரை அவர்கள் காலாலேயே சொல்லிவிட்டார்கள்.

ராத்திரி பத்து மணிக்குப் பாக்ஸ் நின்றது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் அப்படி, நாங்கள் மீறுவதில்லை. அப்புறம் சாமக்கொடைக்கு மைக் இல்லாமல் கணியான் ஆட்டத்தின் மகுடம் என்ற தோல் கருவிதான். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று, இரண்டே மகுடம். தீயில் காட்டித் தோலை இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். நான் வேலை முடிந்து, வயர் சுற்றிக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்களும் ஒன்றைத்தான் திரும்ப அடித்தார்கள். ‘ரோபோ ராக்’கை விடக் குறைவான சரக்கு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் உச்ச மகுடக்காரரின் கண்ணைப் பார்த்தேன். அது சாமியாடுகிற கோமரத்தாடியின் காலை விட்டு அசையவில்லை. கால் பெருவிரல் ஊன்றினால் ஒரு அடி கூடுகிறது. ஆள் தளர்ந்தால் இவர் விட்டுப்பிடிக்கிறார். அருள் வருகிற நேரம் நெருங்கும்போது மகுடக்காரர் வேகம் கூட்டினாரா, கோமரத்தாடியின் கால் கூட்டியதா என்று பிரிக்கவே முடியவில்லை. அந்த இடத்தில் நிற்கிற எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அடித்துக்கொண்டிருந்ததோ அதே அடி.

அப்போது எனக்குப் பிடிபட்டது. இந்தத் தொகுப்பில் அடிக்கிறவன் யாரையும் பார்க்கவில்லை. பையன்கள் ஐஸ் வண்டிக்குப் போனாலும் அது அப்படியே போகும், அருள் வந்தாலும் அப்படியே போகும்.

ஏப்ரல் 17

இரணியல் நண்பர் சும்மா விடமாட்டார். எந்த ரெக்கார்டு ஆளைப் பார்த்து வாசித்தது, ‘டிஸ்கவரி’யும் சிடியில்தானே இருந்தது என்கிறார்.

ஆமாம். பதில் இல்லை. யோசிக்கவேண்டும்.

ஏப்ரல் 19

‘அலைவ் 2007’ கேட்டீர்களா என்று அவரே அடுத்து அனுப்பினார். கேட்டிருக்கிறேன், ஒரே தடவை, பல வருடத்துக்கு முன்னால். நேற்று மூன்று தடவை கேட்டேன்.

2007 ஜூன் 14 அன்று பாரிஸில் பெர்ஸி அரங்கில் பதிவு செய்தது. அதற்கு முந்தின வருடம் ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் ஒரு பிரமிடு மேடையில் ஏறி ஆரம்பித்த நிகழ்ச்சி அது. இதில் ‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’ பாட்டுகள் நிறைய இருக்கின்றன. நான் கீறல் என்று ஒதுக்கிய அதே பாட்டுகள். ஆரம்பமே ‘ரோபோ ராக்’தான். கூட்டம் கத்துகிற கத்தலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பதிவுக்கு 2009-இல் கிராமி விருதும் கிடைத்தது.

பார்த்தீர்களா, எதிரே ஆள் இருந்தால் வேலை செய்கிறது என்று மகுடக் கதையோடு சேர்த்து எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டு அழித்தேன், ஏனென்றால் அது உண்மை இல்லை. அந்தப் பிரமிடுக்குள் இருந்தது கம்ப்யூட்டர். விளக்குகள் இசையோடு ஒரு நொடி பிசகாமல் கோத்தவை. ஊருக்கு ஊர் வரிசையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆடுகிறவன் பெருவிரலைப் பார்த்து அடிக்கிற வேலை அங்கே அவ்வளவாக நடக்கவில்லை.

அப்படியானால் என்ன மாறியது? பாட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டார்கள். ‘டெலிவிஷன் ரூல்ஸ் த நேஷன்’ தனியாக வரும்போது ஒரு கனமான இரும்புத் துண்டு. இங்கே அதற்குள் ‘டிஸ்கவரி’யின் ‘க்ரெசென்டால்ஸ்’ வந்து விழுகிறது. ஒன்று உறுமுகிறது, மற்றொன்று துள்ளி ‘ஹேய்’ என்கிறது. ‘ப்ரைம் டைம்’ ‘ப்ரைன்வாஷர்’க்குள் போய், 1997-இன் பாட்டுக்குள் போய் விழுகிறது. எனக்குக் கருவி கெட்டுப்போவதாகக் கேட்ட அந்த வேகம், இங்கே ஒரு இடத்துக்குப் போய்ச் சேருகிறது.

வில்லடிப் பாட்டில் அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்களே, அதை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? கதை அதேதான், வரி அதேதான், வில்லில் விழும் வீசுகோலும் அதேதான். ஆனால் ஐந்து நிமிடம் கேட்க முடியாது. சின்ன வயதில் நான் அந்த ‘ஆமா’வை வெறும் ஒப்புக்குப் போடுவது என்று நினைத்திருக்கிறேன். இல்லை, அது வருகிற இடைவெளியில்தான் அண்ணாவி மூச்சு வாங்குகிறார், நாமும் வாங்குகிறோம்.

‘ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்’ பாட்டுகள் பாதி வில்லுப்பாட்டு. அண்ணாவி மட்டும் உட்கார்ந்திருக்கிறார். ‘ஆமா’ சொல்ல வேண்டியவர்கள் பழைய இரண்டு தொகுப்புகளில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வர இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இதனால் ஏப்ரல் 16 குறிப்பில் பாதி போயிற்று. மகுடக்காரர் கண்ணைப் பற்றி எழுதியது அப்படியே நிற்கட்டும், அது நான் பார்த்தது. ரெக்கார்டைப் பற்றிய முடிவு அவசரம். ‘டிஸ்கவரி’ ஆளைப் பார்க்காமலே பிடித்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது: அதில் ஒவ்வொரு பாட்டுக்குள்ளேயும் யாரோ ‘ஆமா’ போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏப்ரல் 20

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டது: 2013-இல் வந்த ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’தானே பெரிய ஏமாற்றம், டிரம் மெஷினை விட்டுவிட்டு ஆட்களை வைத்து வாசிக்க வைத்துவிட்டார்களே? 2014-இல் வருடத்தின் சிறந்த தொகுப்புக்கான கிராமி கிடைத்ததும் அவருக்கு ஆற்றாமைதான்.

எனக்கு அது பிடிக்கும். அதைத் தனியாகப் பேசலாம், இங்கே இழுத்தால் இது முடியாது.

மே 2

சித்தப்பாவுக்கு ‘அலைவ் 2007’ போட்டேன். கடையில், அதே இடத்தில், ஸ்பீக்கர் மட்டும் வேறு. முழுதும் கேட்டார். நடுவில் டீ வந்தது, குடித்தார். ‘டெலிவிஷன்’ வரும்போது டீ கிளாஸை வைத்துவிட்டு விரலால் மேஜையில் தட்டினார். முடிந்ததும், இதுவும் அந்தச் சிடிதானா என்று கேட்டார். அதே பாட்டுகள், ஆனால் வேறு சிடி என்றேன்.

“இதையும் அப்பவே கொண்டு வந்திருக்கலாமே உன் அத்தான்” என்றார். அது 2007-இல்தான் வந்தது என்று சொன்னேன். அதற்குள் கடற்கரை ஊர்களில் செட் போக ஆரம்பித்துவிட்டது என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். குளச்சல் பக்கம் ஒரு கல்யாணம், அதுதான் முதல். என்ன பாட்டு போட்டோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

வைகாசியில் இன்னொரு கொடை இருக்கிறது. சோதித்துப் பார்க்கும் நேரத்துக்கென்று பென்டிரைவில் ‘ரோபோ ராக்’கை ஏற்றியிருக்கிறேன், பெர்ஸியில் வாசித்தது. பையன்கள் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன். பழைய சிடியையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். ‘டெக்னாலாஜிக்’ மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.